எதிர்த்துப் பேசும் ஒத்திகை

வீட்டில் நான் வாயாடி. அலுவலகத்தில் ஊமை என்று சொல்ல முடியாது. ஆனால் எதைப் பேச எழுந்தாலும் ‘சார் சொன்னது ரொம்பச் சரி, அதோடு ஒரு சின்னச் சேர்க்கை’ என்று ஆரம்பிக்கிற ரகம். சொல்ல வந்ததெல்லாம் அந்தச் சின்னச் சேர்க்கையில்தான் இருக்கும். கேட்கிறவர் முதல் பாதிக்குத் தலையாட்டிவிட்டு இரண்டாம் பாதி வரும்போது டீக் கோப்பையைத் தேடிக்கொண்டிருப்பார். எங்கள் அலுவலகத்தில் எல்லோருமே இந்த ரகம் என்பதால் யாருக்கும் யார்மீதும் வருத்தம் கிடையாது.

அலுவலகம் என்றால் அணுமின் நிலையங்களைக் கண்காணிக்கிற அலுவலகம். மின்சாரம் தயாரிப்பது நாங்கள் இல்லை. தயாரிக்கிறவர்கள் விதிப்படி பத்திரமாகச் செய்கிறார்களா என்று போய்ப் பார்த்து, சரியில்லை என்றால் சரிசெய்ய வைத்து, அதன்பிறகு ‘ஓட்டலாம்’ என்று அனுமதிக் கடிதம் கொடுப்பது எங்கள் வேலை. நான் அங்கே ஆய்வாளர். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இரும்புப் படிகளில் ஏறி இறங்கி, திறக்கக்கூடாத கதவைத் திறக்கச் சொல்லி, நாலு பேரை முகம் சுளிக்க வைப்பதில் எனக்கு ஒரு தனி ஆனந்தம் உண்டு. எங்கள் தொழிலில் முதல் பாடம் பெயின்ட் வாசனை. ஒரு அறையில் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் அங்கே கூடுதல் நேரம் நிற்க வேண்டும். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து அடித்த பெயின்ட் அது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நகரக் கூடாது.

இப்படி ஊரையெல்லாம் சோதிக்கிற எங்களையே சோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு வரப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. பார்க்கப்போவது எங்கள் ‘பாதுகாப்புப் பண்பாடு’. பெயர்தான் பெரியது, விஷயம் எளிது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் ‘இது தப்பு’ என்று தயங்காமல் சொல்கிறாரா, சொன்னால் மேலே இருப்பவர் காதில் வாங்கிக்கொள்கிறாரா, சொன்னவர் அடுத்த வாரமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா, அவ்வளவுதான்.

மறுவாரமே எங்கள் மாடிப்படிக்கு வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்தார்கள். அதைத் தாண்டித் தாண்டி நாங்கள் எல்லோரும் ஏறி இறங்கினோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன்.

பெயின்ட் காய்வதற்குள் துணை இயக்குநருக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது. என் நேரடி மேலதிகாரி அவர்தான். எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர். தும்மலுக்குக்கூட முன் அனுமதி கேட்கக்கூடியவர். குழு வந்து கேட்கப்போகிற கேள்விகளுக்கு நாங்கள் சகஜமாகப் பதில் சொல்ல வேண்டும், சகஜமாகச் சொல்லப் பயிற்சி வேண்டும், எனவே ஒரு வாரக் கடைசியில் எங்காவது குளுகுளுவென்று ஓர் இடத்துக்குப் போய் ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏற்காட்டுக்காரி ஒருத்தி கையில் இருக்கும்போது வேறு இடம் எதற்கு?

அன்றிலிருந்து நான் ஆய்வாளர் வேலையை மூட்டை கட்டிவிட்டு டூர் ஆபரேட்டர் ஆனேன். பஸ் ஏற்பாடு, ரூம் ஏற்பாடு, குழிப்பணியாரம் கிடைக்குமா, ஸ்வெட்டர் வேண்டுமா, குரங்கு கடிக்குமா. இதில் என் அண்ணனோடு ஒரு சண்டையும் சேர்ந்துகொண்டது. அண்ணன் ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் மேனேஜர். எங்கள் ஆட்களை அங்கே தங்கவைக்காமல் வேறு ஓட்டலுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். சொந்தக்காரர் இருக்கிற இடத்துக்கு அலுவலகக் காரியத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி.

“தங்கச்சி ஆபீசரு, அண்ணன் மேனேஜரு. இதுக்கு நடுவுல ரூல்ஸ் எங்கிருந்து கண்ணு வந்துச்சு?” என்று போனில் கேட்டான்.

“ரூல்ஸ்னா ரூல்ஸ்தானுங்கண்ணா.”

“ஆமாமா. நீயி பெரிய ரூல்ஸு. வெய்யி போன.”

ரூல்ஸ் பேசிவிட்டேனே தவிர, அப்போது என் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வருகிற மின்சாரம் திடீரென்று நின்றாலும், உலையைக் குளிரவைக்கிற பம்புகள் நிற்கக்கூடாது. அதற்காகப் பெரிய டீசல் ஜெனரேட்டர்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். வருடம் முழுக்கச் சும்மா நிற்பதுதான் அவற்றின் வேலை, ஆனால் கூப்பிட்ட கணத்தில் எழுந்தாக வேண்டும். பராமரிப்புக்காக மூடியிருந்த ஒரு நிலையத்துக்கு நான் ஆய்வுக்குப் போயிருந்தபோது, ஒரு ஜெனரேட்டரைக் கிளப்பிக் காட்டச் சொன்னேன். பட்டனை அழுத்தினார்கள். இருமிவிட்டு அடங்கிப்போனது. மறுபடி அழுத்தினார்கள். ஜம்மென்று ஓடியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் தடவை ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஒன்று படுத்துக்கொண்டால் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, உடனே பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. ஆனால் பக்கத்தில் இருப்பதும் அதே கம்பெனி, அதே எண்ணெய், பராமரிக்கிற கைகளும் அவையே. இதற்கு வந்த நோய் அதற்கும் வந்திருக்காது என்று யார் சொன்னது? ‘முதல் முயற்சியில் கிளம்பவில்லை; காரணம் தெரிந்தபிறகே நிலையத்தை ஓட்ட அனுமதிக்கலாம்’ என்று அறிக்கையில் எழுதினேன். மேலே போய்க் கீழே வந்தபோது அந்த இடத்தில் ‘மறுசோதனையில் திருப்திகரமாக இயங்கியது’ என்று இருந்தது. திருத்தியவர் துணை இயக்குநர். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவரிடம் போனேன். “சார், நீங்க எழுதினது சரிதான், ஒரு சின்னச் சேர்க்கை” என்று ஆரம்பித்தேன்.

“ரெண்டாவது தடவை எடுத்துக்கிச்சில்ல? அப்புறம் என்னம்மா? பார்க்கலாம்” என்றார்.

எங்கள் மலையில் ஒருவர் ‘பாக்கலாங்க’ என்றால் முடியாது என்று அர்த்தம். ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. இவர் எங்கள் மலைக்காரர் இல்லை, ஆனாலும் அர்த்தம் அதேதான் என்று விளங்கியது. நிலையத்துக்கான அனுமதிக் கடிதம், நாங்கள் ஏற்காட்டிலிருந்து திரும்புகிற திங்கட்கிழமை இயக்குநர் கையெழுத்தோடு போவதாக இருந்தது. போய்விட்டால் அன்று மாலையே நிலையத்தை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவருக்கு மேலே இயக்குநரிடமே நேராகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் சிடுசிடுப்பானவராக இருந்திருந்தால் போயிருப்பேன். கோபக்காரரை எதிர்த்துப் பேசுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, பாதிக் கோபத்தை அவரே நமக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் இயக்குநரோ தங்கமான மனிதர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். அவர் முகம் வாடிவிடுமே என்றுதான் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஒருவர் வாயை மூடிக்கொள்ளாமல் அடிக்கடி மறுத்துப் பேசிக்கொண்டிருந்தார். ‘உங்களுக்கு டென்ஷன் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் ஓய்வா இருங்க’ என்று இயக்குநர் உண்மையான அக்கறையோடு அவரைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார். பயிற்சிப் பிரிவில் ஏ.சி. நன்றாக இருக்கும். வேலைதான் இருக்காது. அந்த மனிதர் இப்போது மணிபிளான்ட் வளர்க்கிறார், நன்றாகவே வளர்க்கிறார். எனக்குச் செடி வளர்ப்பதில் துளியும் ஆர்வம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிவாரத்தில் பஸ் நின்றபோது இயக்குநர் தன் பையிலிருந்து எலுமிச்சை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்கும் குமட்டக் கூடாது என்று ஒவ்வொரு சீட்டாக வந்து கொடுத்தார். அந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அவரை எப்படி எதிர்ப்பது? மேலே ஏற ஏறச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கியது. எல்லோரும் ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரிகள் அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதீர்கள் என்ற எழுத்துக்குக் கீழேயே அதைச் செய்தார்கள்.

சனிக்கிழமை காலை ஓட்டலின் கூட்ட அறையில் ஒத்திகை தொடங்கியது. துணை இயக்குநர் முந்தின நாளே யார் யார் என்ன பேச வேண்டும் என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். ஒருவர், தான் செய்த தவற்றை ஒப்புக்கொண்டும் தன்னை யாரும் தண்டிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வேலை கணக்கில் புலியான ஒரு மூத்த விஞ்ஞானிக்கு வந்திருந்தது. அவர் எழுந்து, “நான் தவறே செய்யலையே சார்” என்றார்.

“ஒண்ணு கொடுத்திருக்கேனே, பார்க்கலையா? ஆய்வுக்குப் போனப்ப கதிர்வீச்சு அளக்கிற பேட்ஜை மாட்ட மறந்துட்டீங்க.”

“அதை நான் எப்படி மறப்பேன்? என்னைத் தெரிஞ்சவங்க யாரும் நம்ப மாட்டாங்க. கொஞ்சம் கௌரவமான தப்பா கொடுங்க சார்.”

அவருக்கு எந்தத் தப்பைக் கொடுப்பது என்று கால் மணி நேரம் விவாதம் நடந்தது. நான் குனிந்து புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இன்னொருவருக்கு இயக்குநரின் அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று சொல்கிற வேலை. “ஏ.சி. போட்டா மூடத்தானே சார் வேணும்?” என்று கேட்டார் அவர்.

எனக்கு வந்திருந்ததுதான் சிகரம். நான் இயக்குநரை எதிர்த்துப் பேச வேண்டும். குழுவின் முன்னால், பணிவாக, ஆனால் தைரியமாக. எதைப் பற்றி என்பதும் குறித்திருந்தது: ஆய்வு முடிந்தபின் நடக்கிற கூட்டத்தைச் சாயங்காலம் வைக்கலாம் என்பார் இயக்குநர், காலையில் வைப்பதே நல்லது என்பேன் நான். அவர் ‘நல்ல கருத்து, பரிசீலிக்கிறேன்’ என்பார். குழு அசந்துபோகும்.

எழுந்தேன். “சார் சொன்னது ரொம்பச் சரி, அதோடு ஒரு சின்னச் சேர்க்கை” என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. சிரிப்பில் அறை குலுங்கியது.

“அம்மா, நீங்க என்னை எதிர்க்கிறீங்களா, ஆதரிக்கிறீங்களா?” என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “கொஞ்சம் காரம் வேணும். ஊர்க்காரம்மா, உங்க ஊர்ல சண்டையே போட மாட்டீங்களா?”

மறுபடி முயன்றேன். மூன்றாம் முறையும் முயன்றேன். காலைக் கூட்டமா மாலைக் கூட்டமா என்பதில் எனக்கு எந்தப் பக்கமும் ஆத்திரமே வரவில்லை. உள்ளே வேறொன்றுக்காக ஆத்திரம் கொதித்துக்கொண்டிருக்க, இல்லாத ஆத்திரத்தை வரவழைத்து நடிப்பது கொடுமையாக இருந்தது. நாளைக்குக் கடைசி ஒத்திகையில் சரியாக வந்துவிடும் என்று துணை இயக்குநர் எனக்குத் தேறுதல் சொன்னார்.

மதியத்துக்குமேல் எல்லோரும் ஏரியில் படகு விடப் போனார்கள். நான் மலையிலேயே இருக்கிற மஞ்சக்குட்டை கிராமத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கினேன். ஓட்டல் கோபத்தில் அவன் முதல் பத்து நிமிஷம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணி வைத்த கோழிக் குழம்பு அவனைப் பேச வைத்தது. ஒத்திகைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“இதென்ன கண்ணு அதிசயம்? எங்க ஓட்டலுக்குச் செக்கிங் வந்தா நாங்களும் இதேதான் பண்றோம். ரூம் பசங்க எல்லாத்துக்கும் ‘சம்பளம் கரெக்டா வருதுங்க’ன்னு சொல்லச் சொல்லிக் குடுப்போம். நீங்க படிச்சவீங்க, வேற மாதிரி இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நாங்க நொம்ப மோசமுங்கண்ணா. எதுத்துப் பேசறதுக்கே ஆள் போட்டிருக்கோம்.”

“அதுக்கு உன்னையப் போட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தான். “ஏம்புள்ள, இவள ஊட்ல பேச உட்டுப் பாத்ததில்ல போலிருக்குது அவீங்க.”

நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஜெனரேட்டர் விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாத அலுவலக விஷயம் என்பது ஒரு காரணம். சொன்னால் ‘அப்ப நீயி ஏன் பேசல?’ என்று கேட்பான் என்பது இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஓட்டலில் விட அண்ணன் ஜீப்பை எடுத்தான். சாவியைத் திருகினான். கரகரவென்று இழுத்துவிட்டு நின்றது. மறுபடி திருகினான். கிளம்பிவிட்டது.

“பாத்தியா, எடுத்துக்கிச்சு” என்றான் பெருமையாக.

“மொதத் தடவ ஏனுங்கண்ணா எடுக்கல?”

“ரெண்டாவது எடுத்துக்கிச்சில்ல கண்ணு? அப்புறம் என்னத்தக் கேக்கோணும்?”

துணை இயக்குநர் சொன்ன அதே வாக்கியம். கொஞ்சம் எங்கள் ஊர்ப் பேச்சில், அவ்வளவுதான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “கேக்கோணுமுங்கண்ணா! காரணந் தெரியாம எப்படி வளைவுல எறங்குவீங்க?” என்று கத்தினேன். அண்ணன் பயந்தே போனான். தன் ஜீப்புக்காக இவள் எதற்கு இப்படிக் குதிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஓட்டல் வாசலில் நான் இறங்கும்போது, “சரி கண்ணு, மெக்கானிக்குகிட்டக் காட்டறேன்” என்றான் தணிந்த குரலில். பாவமாக இருந்தது. திட்டு வாங்க வேண்டியவன் அவன் இல்லை. ஜீப்புக்காக அண்ணனிடம் இந்தக் கத்து கத்துகிறவள் அங்கே போய் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாளே என்று என்மீதே எனக்கு வெட்கமாக இருந்தது.

கூட்ட அறைக்குள் போனபோது என் முறை வருவதற்காகக் காத்திருந்தார்கள். இயக்குநர் தன் வசனத்தைச் சொன்னார்: ஆய்வு முடிந்த கூட்டங்களை மாலையில் வைப்பதே நல்லது என்பது தன் எண்ணம், யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

எழுந்து நின்றேன்.

“இருக்கு சார். நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடப்போற அனுமதிக் கடிதத்தை நான் ஒத்துக்கல. அந்த நிலையத்துல ஜெனரேட்டர் முதல் தடவை கிளம்பல. என் கண் முன்னால நடந்தது. ஏன் கிளம்பலன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. நான் எழுதினதை எடுத்துட்டு திருப்திகரம்னு மாத்தியிருக்கு. காரணம் தெரியாம அந்த நிலையத்தை ஓட்டவிடக் கூடாது. இது தப்பு சார்.”

சின்னச் சேர்க்கை எதுவும் இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அது. இயக்குநரின் முகம் முழுக்க மலர்ந்தது. கை தட்ட ஆரம்பித்தார்.

“அபாரம்! அபாரம்மா! இதைத்தான் நேத்து கேட்டேன். காலைக் கூட்டம் மாலைக் கூட்டம்னா யார் நம்புவாங்க? நிஜமான விஷயத்தையே எடுத்துக்கிட்டீங்க பாருங்க, அங்கதான் இருக்கு சூட்சுமம். குரல் நடுங்கிச்சே, அதையும் அப்படியே வச்சுக்குங்க.”

எல்லோரும் தட்டினார்கள். துணை இயக்குநர் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டு, பிறகு மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்.

அப்போது நான் உட்கார்ந்திருக்கலாம். எவ்வளவு வசதி! சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கைதட்டலும் வாங்கியாகிவிட்டது, பயிற்சிப் பிரிவும் இல்லை, யார் முகமும் வாடவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால்கூட ‘நான் அன்றே சொன்னேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். உட்காரத்தான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தும்விட்டேன். ஆனால் இயக்குநரின் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னால்கூட நடிப்பாகத்தான் போய்ச் சேரும் என்கிற அளவுக்கு அவரைச் சுற்றி நாங்கள் எல்லோரும் எத்தனை வருடமாக நடித்திருக்கிறோம் என்று தோன்றியது.

“சார், நான் நடிக்கல” என்றேன்.

கைதட்டல் நின்றது. பின்வரிசையில் யாரோ ஒருவர் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு தடவை தட்டிவிட்டு நிறுத்தினார்.

“நிஜமாவே சொல்றேன் சார். ஒத்திகை இல்ல. கடிதம் நாளைக்குப் போகுது, வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

இயக்குநரின் முகம் வாடியது. நாங்கள் எல்லோரும் இத்தனை நாள் எதற்குப் பயந்தோமோ அதை நேரில் பார்த்தோம். அது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். துணை இயக்குநர் எழுந்து, “சார், ரெண்டாவது தடவை…” என்று தொடங்கினார். இயக்குநர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

“ஜெனரேட்டர் முதல் தடவை கிளம்பலங்கிறது” என்று நிறுத்தி, அறையைச் சுற்றிப் பார்த்தார். “இந்த அறையில எத்தனை பேருக்கு முன்னாடியே தெரியும்? தெரிஞ்சவங்க கை தூக்குங்க.”

முதலில் தனக்கென்று ஒரு தவறும் இல்லாத அந்த விஞ்ஞானி கையைத் தூக்கினார். அவர் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். எதிர் வரிசையில் இரண்டு கைகள், ஜன்னல் ஓரமாக ஒன்று, பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக. நானும் தூக்கினேன். அறிக்கை எத்தனையோ மேசைகள் வழியாகப் போயிருந்தது, எல்லோரும் படித்திருந்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். கடைசியில் துணை இயக்குநரின் கையும் மெதுவாக மேலே போனது. கீழே ஒரு கைகூட இல்லை. எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அத்தனை கைகளையும் பார்த்தபோது பயம்தான் வந்தது. ஜெனரேட்டர் இருமி அடங்கியபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

பிறகு இயக்குநர் தன் வலது கையையும் தூக்கினார்.

“நானும் முதல்ல எழுதினதைப் படிச்சேன்” என்றார். “ரெண்டாவதா வந்தது எனக்கு நிம்மதியா இருந்தது. அதனால அதை வச்சுக்கிட்டேன்.”

யார் முதலில் கையை இறக்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் இறக்கவில்லை, எனவே நாங்களும் இறக்கவில்லை. வழிப்பறிக்காரனிடம் மாட்டிக்கொண்டவர்களைப் போல வளர்ந்த அதிகாரிகள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து, சிக்னல் கிடைக்கிற ஜன்னல் பக்கமாகப் போய், இடது கையால் போனை எடுத்து அந்த நிலையத்தின் தலைவரைக் கூப்பிட்டார். வலது கையைக் கீழே விட மறந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன்.

“நாளைக்குக் கடிதம் வராது. அந்த ஜெனரேட்டர் முதல் தடவை ஏன் கிளம்பலன்னு கண்டுபிடிங்க. அப்புறம் எங்க ஆய்வாளர் வருவாங்க. ஆமா, அதே அம்மாதான். அவங்க முன்னால கிளப்பிக் காட்டுங்க.”

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது எங்களுக்கே கேட்டது. எல்லாம் தயாராக இருக்கிறதே, இதைக் கடைசி நிமிஷத்தில் வந்து சொன்னால் எப்படி, இத்தனை நாள் உங்களுக்கு யாருக்கும் தெரியாதா என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

இயக்குநர் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

“தெரியும்” என்றார். “எங்க எல்லாருக்கும் தெரியும்.”